6 ஸ்கொயர் பாண்டிங் ஒயரை மாத்தணுமா?

நீங்க சொன்னத வச்சு பார்த்தா லண்டன்ல பழைய டெரஸ் வீடு (வரிசையா ஒட்டி ஒட்டி கட்டுனது), பிஎம்இ சப்ளை (நியூட்ரலும் எர்த்தும் தெருவுல இருந்து ஒரே ஒயர்ல வர்றது), கேஸ் பைப்புக்கும் தண்ணி பைப்புக்கும் 6 ஸ்கொயர் (6 சதுர மி.மீ. தடிமன்) பாண்டிங், அதாவது பைப்பை எர்த்தோட சேர்க்குற ஒயர், இஐசிஆர்ங்கிற வீட்டு ஒயரிங் சோதனை ரிப்போர்ட்ல அதுக்கு சி3 கோடு போட்டிருக்காங்க, அவ்ளோதானே? பயப்படாதீங்க பாஸ். சி3ன்னா மாத்துனா நல்லதுன்னுதான் அர்த்தம், சி2 கோடு மாதிரி ஆபத்து வரலாம்னு இல்ல. இன்னைக்கு வீட்டு பிஎம்இக்கு சாதாரணமா 10 ஸ்கொயர் காப்பர் கேப்பாங்க, ஏன்னா தெருவுல நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற ஒயர்) அறுந்துச்சுன்னா அந்த லோடு கரண்ட் உங்க பாண்டிங் ஒயர் வழியா பைப்புல இறங்கி ஓட ஆரம்பிச்சிடும், ஒயர் மணிக்கணக்கா சூடாகும். அதனால முதல்ல ஒயர் இன்சுலேஷன் கருகியோ உருகியோ இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. இருந்தா யோசிக்காம மாத்திருங்க.

இல்லன்னா அவசரமில்ல, ஆனா கன்ஸ்யூமர் யூனிட் (வீட்டு ஃபியூஸ் பாக்ஸ்) மாத்துறதோ புது சர்க்யூட் இழுக்குறதோ பிளான் இருந்தா அப்ப 10 போட்டே ஆகணும், சுவர் உடைக்கிற வேலையோட சேர்த்தே முடிச்சிருங்க. இன்னொன்னு, தண்ணி பைப் வீட்டுக்குள்ள வர்ற இடத்துல நீல கலர் பிளாஸ்டிக்கா? அப்படின்னா அதுக்கு பாண்டிங்கே தேவைப்படாம போகலாம், டெஸ்ட் பண்ணி பாக்கச் சொல்லுங்க, சும்மா பில்லு ஏத்த விடாதீங்க. ஒயரை பைப்புல பிடிச்சிருக்குற கிளாம்ப் லூசா இல்லாம இருக்கான்னும் பாருங்க, என் வீட்டுல ஒயர் சைஸ் சரிதான், கிளாம்ப்தான் கையாலயே சுத்துச்சு 😅