பள்ளிக்குப் பின்னால் கிடக்கும் நிலத்தில் பாடம் நடத்துவது எப்படி?

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு அறிவியலும் கணக்கும் எடுக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். ஒரு மாணவி சக்கர நாற்காலியில் வருகிறாள். ஒரு மாணவனுக்கு ஆட்டிசம், சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுவான். மூன்று பேருக்கு வகுப்பில் பேசும் மொழி வீட்டில் பேசும் மொழி இல்லை. பள்ளிக்குப் பின்னால் கொஞ்சம் நிலம் சும்மா கிடக்கிறது. நிலம் சார்ந்த கல்வி, முழுமையான கல்வி, எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் கல்வி என்றெல்லாம் படித்ததில் ஆசை வந்துவிட்டது. தலைமை ஆசிரியர், "தாராளமா செய்ங்க, மார்க் மட்டும் குறையக் கூடாது" என்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை சுற்றுலா கூட்டிப்போகிறோம், பிள்ளைகள் மனதில் எதுவும் நிற்பதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சும்மா கிடக்கிறது என்று சொன்னீர்களே, அந்த நிலத்திலிருந்துதான். சுற்றுலாவை ஒரு பக்கம் வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை பார்க்கும் இடம் பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்கும் இடமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே எது மாறியது, எது மாறவில்லை என்று அவர்களால் சொல்லவே முடியாது. வாரத்துக்கு ஒரு பீரியட், அதே இடம், அதே பிள்ளைகள், வெயிலானாலும் தூறலானாலும். உங்கள் கேள்விக்கு என் பதிலின் முக்கால்வாசி இதுதான். மீதி எல்லாம் அதை எப்படி ஓட்டுவது என்பது.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு யாராவது இதைத் தோட்ட வேலை என்று ஒதுக்கினால் பதில் சொல்ல உதவும். இன்று 'நிலம் சார்ந்த கல்வி' என்று பேசப்படுவதில் பெரும் பங்கு பூர்வகுடி மக்களிடமிருந்து வந்தது. கனடாவில் உறைவிடப் பள்ளிகள் தலைமுறை தலைமுறையாகப் பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்தும் மொழியிலிருந்தும் நிலத்திலிருந்தும் பிரித்தன. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டதே 1990களில்தான். அதை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது, அதில் கல்விக்கும் மொழிக்கும் தனியாகவே இடம் இருந்தது. அந்நாட்டின் வடமேற்குப் பிரதேசங்களில் இயங்கும் டெச்சின்டா என்ற மையத்தில், மீன் பிடிப்பதையும் தோல் பதனிடுவதையும் தேனே இன மூத்தவர்களிடம் கற்றுக்கொண்டே மாணவர்கள் பல்கலைக்கழகப் பாடமும் படிக்கிறார்கள். அங்கே நிலம்தான் ஆசிரியர், மூத்தவர்கள் அதன் உதவியாளர்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். மிக்மா இனப் பெரியவர் ஆல்பர்ட் மார்ஷல் 'இரு கண் பார்வை' என்று ஒன்றைச் சொல்வார்: ஒரு கண்ணால் பூர்வகுடி அறிவின் பலத்தையும் இன்னொரு கண்ணால் நவீன அறிவியலின் பலத்தையும் பார்த்து, இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது. உங்கள் வகுப்புக்கு இது அப்படியே பொருந்தும். மண் ஈரத்தைக் கருவியால் அளக்கும் பிள்ளையும் வேண்டும், மண்ணைப் பிடித்துப் பார்த்து 'இன்னும் ரெண்டு நாள் தாங்கும்' என்று சொல்லும் பாட்டியும் வேண்டும்.

சரி, செய்முறைக்கு வருவோம். முதல் முறை போகும்போது பாடம் எதுவும் வேண்டாம். ஆளுக்கு ஓர் இடம் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், வருடம் முழுக்க அதுதான் அவர்கள் இடம். பத்து நிமிடம் சும்மா உட்காரட்டும், பிறகு பார்த்ததை, கேட்டதை எழுதவோ வரையவோ செய்யட்டும். ஆரம்பத்தில் சிரிப்பும் கிண்டலுமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச வாரம் போனதும் 'என் இடத்துல எறும்பு வழியை மாத்திருச்சு சார்' என்று யாராவது ஓடி வருவார்கள். அந்த வாக்கியத்தில் கவனிப்பு, நினைவு, ஒப்பீடு மூன்றும் இருக்கிறது. எறும்பு ஏன் வழி மாறியது என்று நீங்கள் திருப்பிக் கேட்டால் அங்கேயே அறிவியல் பாடம் ஆரம்பித்துவிடும்.

அப்புறம் மண். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள். மூடி நன்றாகக் குலுக்கி மேசையில் அசையாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் தங்கிவிடும், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. அந்த உயரத்தில் பாட்டில் மேல் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அதன் மேல் வண்டல் படிந்திருக்கும், இன்னொரு கோடு. களிமண் மட்டும் சீக்கிரம் இறங்காது, ஒரு நாளோ இரண்டு நாளோ தண்ணீர் கலங்கலாகவே இருக்கும். கடைசியில் மூன்று அடுக்கையும் அளவுகோலால் அளந்தால் சதவீதக் கணக்கு கையில் கிடைத்துவிடும். துகள் பெரிதாக இருந்தால் சீக்கிரம் இறங்கும், சிறிதாக இருந்தால் மெதுவாக இறங்கும் என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கும், அடுத்த நாள் வந்து 'இன்னும் கலங்கலாத்தான் இருக்கு' என்று தானே பார்ப்பதற்கும் வித்தியாசம் மிகப் பெரியது. எல்லோரும் நடந்து நடந்து இறுகிய இடத்து மண்ணையும் மரத்தடி மண்ணையும் இரண்டு பாட்டிலில் எடுத்துப் பாருங்கள். அடுத்த வாரம் இரு பக்கமும் திறந்த ஒரு டப்பாவை அதே இரண்டு இடத்திலும் மண்ணில் கொஞ்சம் அழுத்தி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, உள்ளே இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்க்கட்டும். மண்ணின் கலவை ஒன்றாகவே இருந்தும் இறுகிய இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கலாம். ஏன் என்று அவர்களே அடித்துக்கொள்வார்கள், விட்டுவிடுங்கள்.

கணக்கு ஆசிரியராக உங்களுக்கு இது கொண்டாட்டம். ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலையும் மரத்தின் நிழலையும் ஒரே நேரத்தில் அளந்தால் விகிதத்தில் மரத்தின் உயரம் வந்துவிடும். ஒரு சதுர மீட்டரில் பெய்யும் ஒரு மில்லிமீட்டர் மழை சரியாக ஒரு லிட்டர் என்பதைச் சொல்லிவிட்டு, பள்ளிக் கூரையின் பரப்பைப் பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். இது எங்கே போகிறது என்று கேட்டால் கணக்கிலிருந்து அறிவியலுக்கும் அங்கிருந்து ஊர்ப் பிரச்சினைக்கும் தானாகவே தாண்டிவிடுவார்கள். போர்ஷன் முடியுமா என்று தலைமை ஆசிரியர் கவலைப்படுவது நியாயம்தான், அதனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே பாடத்திட்டத்தை எடுத்து, விகிதம், சதவீதம், பரப்பளவு, கலவைகளைப் பிரித்தல், தாவர உறுப்புகள் என்று எந்தெந்தப் பாடம் வெளியே நடக்கும் என்று குறித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். கூடுதல் பீரியட் கேட்காதீர்கள், இருக்கும் பீரியடை இடம் மாற்றுங்கள்.

இனி உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த மாணவியையும் மாணவனையும் நீங்கள் பிரச்சினைப் பட்டியலில் எழுதியிருக்கிறீர்கள். கோபப்படாதீர்கள், நல்ல மனதோடுதான் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது, ஆனால் வரிசையை மாற்றுங்கள். எல்லாவற்றையும் திட்டமிட்டுவிட்டு 'இவர்களை என்ன செய்வது' என்று யோசித்தால் ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து மற்றவர்கள் சொல்வதை எழுதிக்கொள்பவளாகத்தான் ஆவாள். முதல் வேலையாக அந்த மாணவியோடு நிலத்தைச் சுற்றி வாருங்கள். சக்கரம் எங்கே புதைகிறது, எங்கே சரிவு அதிகம் என்று அவளே சொல்லட்டும், அதை வைத்துப் பாதை போடுங்கள். குறைந்தது 90 சென்டிமீட்டர் அகலம், கெட்டியான தரை, நாற்காலி திரும்ப நடுவில் விசாலமான ஓர் இடம். பாத்தியைத் தரையிலிருந்து உயர்த்தி, முழங்கால் அடியில் நுழைகிற மாதிரி மேசைபோல அமைத்தால் அவளால் நேராக உட்கார்ந்து மண்ணில் கை வைக்க முடியும். குனிய முடியாத பாட்டி தாத்தாக்கள் வரும்போது அவர்களுக்கும் அதே பாத்திதான் வசதி.

அந்த மாணவனுக்கு வெளியே போவது வகுப்பறையைவிட நல்லதாகவும் இருக்கலாம், மோசமாகவும் இருக்கலாம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பல நேரம் கஷ்டம். முதலில் கதவு, பிறகு பாதை, பிறகு அவன் இடம், பிறகு திரும்புவது என்று நான்கு படங்களை ஒரு அட்டையில் ஒட்டிக் கொடுங்கள், ஒவ்வொரு வாரமும் வரிசையை மாற்றாதீர்கள். காதுக்கு அடைப்பான் வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளட்டும். தாங்க முடியாதபோது யாரையும் கேட்காமல் போய் உட்கார ஓர் அமைதியான மூலை இருக்கட்டும், அது தண்டனை இடம் இல்லை என்று மற்ற பிள்ளைகளுக்கும் தெரியட்டும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது இவனுக்குத்தான் அதிகம் கைகொடுக்கும்.

மொழி வேறாக உள்ள மூன்று பேரிடம் செடிகளின் பெயரை அவர்கள் வீட்டு மொழியில் கேட்டு, அதையும் பலகையில் எழுதி நடுங்கள். கண்டதை எழுதித்தான் காட்ட வேண்டும் என்ற கட்டாயத்தை எல்லோருக்கும் எடுத்துவிடுங்கள். வரையலாம், சொல்லிப் பதிவு செய்யலாம், செய்தே காட்டலாம். 1994இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் நடந்த உலகக் கல்வி மாநாட்டின் பிரகடனமும் 2006இல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும் பொதுப் பள்ளியில் எல்லோரும் சேர்ந்து படிப்பதைத்தான் வலியுறுத்தின. உடன்படிக்கை அதை உரிமை என்றே சொல்கிறது, அதனால் பாதை போட நிர்வாகத்திடம் உதவி கேட்கும்போது தயங்க வேண்டாம்.

இன்னொன்று, இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. சில பிள்ளைகளுக்கு மண் வேலை என்பது வீட்டில் பெற்றோர் படும் பாடு. சிலருக்கு நிலம் என்பது குடும்பம் இழந்த ஒன்று. அவர்களிடம் போய் 'மண்ணைத் தொடுவது எவ்வளவு ஆனந்தம்' என்று பாடம் நடத்தினால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேளுங்கள், களை எது பயிர் எது என்று வகுப்புக்குச் சொல்லித்தர அவர்களை அழையுங்கள், ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். தாமதமாக வந்தவனைத் தண்ணீர் ஊற்ற அனுப்புவது, குறைந்த மார்க் எடுத்தவளைக் களை பறிக்க விடுவது, இதை ஒரு தடவைகூடச் செய்யாதீர்கள். கூட்டுவதும் சுமப்பதும் முறை வைத்து எல்லோருக்கும் வரட்டும், நீங்களும் அந்த முறையில் இருங்கள்.

மூத்தவர்களை அழைக்கும்போது அரை மணி நேரம் கதை சொல்லிவிட்டுப் போகிறவராக நடத்த வேண்டாம். எதைச் சொல்ல விருப்பம், எதைப் படம் எடுக்கவோ எழுதி வைக்கவோ கூடாது என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பலரிடம் குளிர்காலத்தில் மட்டுமே சொல்லப்படும் கதைகள் உண்டு, அறிவுக்கும் காலமும் இடமும் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் புரிந்துகொள்வதும் பாடம்தான். மற்ற சிறப்பு விருந்தினர்களுக்குச் செய்யும் மரியாதையும் சன்மானமும் இவர்களுக்கும் வேண்டும்.

பாதுகாப்பு விஷயம் சுருக்கமாக: பிள்ளைகள் வருமுன் ஒரு சுற்று நடந்து கண்ணாடித் துண்டு, முள், பொந்து எல்லாம் பாருங்கள், யாருக்கு எது ஒவ்வாமை என்று வீட்டில் கேட்டு வையுங்கள், எல்லையைக் கயிறு கட்டிக் காட்டுங்கள், திரும்பும்போது தலை எண்ணுங்கள்.

மார்க் பற்றி. நேர்மையாகச் சொன்னால் முதல் பருவத்திலேயே மார்க் ஏறும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வெளியே செய்ததை உள்ளே வந்து தேர்வு மொழியில் எழுதிப் பார்க்க அதே வாரத்தில் ஒரு பீரியட் ஒதுக்காவிட்டால் பிள்ளைக்கு விஷயம் தெரிந்திருந்தும் தாளில் வராது, நல்ல முயற்சிகள் பலவும் இங்கேதான் சறுக்குகின்றன. பாட்டிலில் பார்த்ததை 'வண்டலாகப் படிதல்' என்ற புத்தகச் சொல்லோடு அன்றே இணைத்துவிடுங்கள். கூடவே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு இருக்கட்டும். பருவத் தொடக்கத்தில் ஒரு இலையை வரைந்ததையும் முடிவில் வரைந்ததையும் தலைமை ஆசிரியர் முன்னால் அருகருகே வையுங்கள், நரம்பும் விளிம்பும் பூச்சி கடித்த ஓட்டையும் எப்போது வரத் தொடங்கின என்று அவருக்கே தெரியும். மழை அளவு, மரம் துளிர்த்த தேதி, தண்ணீர் இறங்கிய நேரம் போன்ற எண்களை மட்டும் தனியாக ஒரு பொது நோட்டில் எழுதிப் பள்ளியிலேயே வைத்துவிடுங்கள், அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு ஒப்பிட எண்கள் வேண்டும்.