முதுமையைத் தடுக்கும் கேப்சூலும் இரவுப் படபடப்பும்

கேள்வி: எனக்கு வயது 53. தைராய்டுக்கு தினமும் 75 மைக்ரோகிராம் மாத்திரையும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் சாப்பிடுகிறேன். செல்கள் முதுமை அடையாது, டெலோமியர் நீளும் என்று தோழி சொன்னதால் மூன்று மாதமாக ஒரு மூலிகை கேப்சூல் எடுக்கிறேன். அமுக்கரா (அஸ்வகந்தா), மஞ்சள் சத்து, மிளகுச் சத்து, கிரீன் டீ சத்து சேர்ந்தது. எல்லாம் வீட்டில் புழங்குகிற பொருள்தானே, தொடரலாமா? இரண்டு வாரமாக இரவில் கொஞ்சம் படபடப்பு இருக்கிறது, வெயிலால் இருக்கும். – ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: போகிற போக்கில் கடைசியில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் படபடப்பிலிருந்தே தொடங்குகிறேன். வெயில் மேல் பழியைப் போட அவசரப்பட வேண்டாம். அமுக்கரா தைராய்டு ஹார்மோனை ஏற்றக்கூடியது. அதே ஹார்மோனைத்தான் நீங்கள் தினமும் காலையில் மாத்திரையாக விழுங்குகிறீர்கள். இரண்டும் சேர்ந்து அளவு மிஞ்சினால் படபடப்பு, கைநடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். மாதவிடாய் நிற்கும் வயது என்பதாலும் வரலாம்தான். ஆனால் அந்த முடிவுக்கு ரத்தப் பரிசோதனை பார்த்த பிறகு வருவோம்.

எனவே கேப்சூலை இன்றே நிறுத்துங்கள். தைராய்டு மாத்திரையில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். இந்த வாரமே தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 ரத்தப் பரிசோதனைகள், கல்லீரல் பரிசோதனை, ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கல்லீரலை ஏன் இழுக்கிறேன் என்றால், ‘வீட்டில் புழங்குகிற பொருள்’ என்ற கணக்கு அங்கேதான் தப்புகிறது. குழம்பில் போடும் ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள் சுமார் 3 கிராம். அதில் மஞ்சளின் சத்தான குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம், அதாவது 90 மில்லிகிராம். அதையும் நாலு பேர் பங்கு போட்டுச் சாப்பிடுகிறோம். கேப்சூலிலோ பெரும்பாலும் 500 மில்லிகிராம், அத்தனையும் ஒரே ஆளுக்கு. போதாததற்கு மிளகுச் சத்து வேறு. குர்குமின் சாதாரணமாக உடம்பில் அதிகம் சேராது. மிளகின் பைப்பரின் சேர்ந்தால் ரத்தத்தில் சுமார் 20 மடங்கு ஏறும் என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் கண்டார்கள். குர்குமினைக் கழித்துக்கட்டும் நொதிகளை பைப்பரின் மந்தமாக்கிவிடுவதுதான் காரணம். அந்த மந்தம் நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் பாதிக்கலாம். 2019-இல் இத்தாலியில் மஞ்சள் கேப்சூல் சாப்பிட்ட பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. கிரீன் டீ சத்தும் அமுக்கராவும் இதே புகாரில் அடிபட்டவை. டென்மார்க் 2023-இல் தைராய்டு, பாலியல் ஹார்மோன்கள் மீதான விளைவைக் காரணம் காட்டி அமுக்கராவுக்குத் தடையே போட்டுவிட்டது. கல்லீரல் பாதிப்பு எல்லாருக்கும் வருவதில்லை, அபூர்வம்தான். ஆனால் உங்கள் கேப்சூலில் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா, உடம்பு அரிக்கிறதா என்று கவனியுங்கள்.

சரி, டெலோமியருக்கு வருவோம். புடவை முந்தானையில் நூல் பிரியாமலிருக்கக் குஞ்சம் கட்டுகிறோமே, குரோமோசோமின் நுனியில் அப்படியொரு முடிச்சு அது. செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் கொஞ்சம் தேயும். டெலோமியர் குரோமோசோமை எப்படிக் காக்கிறது, டெலோமரேஸ் என்ற நொதி அதை எப்படித் திரும்ப நீட்டுகிறது என்று கண்டறிந்த மூவருக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது. விளம்பரக்காரர்கள் இத்தோடு கதையை நிறுத்திக்கொள்வார்கள். பெரும்பாலான புற்றுநோய் செல்கள் சாகாமல் பெருகிக்கொண்டே போவதும் இதே நொதியின் தயவில்தான். அதனால் டெலோமியர் நீண்டால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. உங்கள் கேப்சூலில் இருப்பவை மனிதரின் ஆயுளைக் கூட்டியதாக இதுவரை எந்த நிரூபணமும் இல்லை.

செல்களை முதுமையாக்கும் வேலையை உங்கள் உடம்பில் இப்போது அதிகம் செய்வது சர்க்கரையாகத்தான் இருக்கும். ஹெச்பிஏ1சி என்று பார்க்கிறார்களே, அது சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்ட சர்க்கரையின் அளவு. சிவப்பணு 120 நாளில் போய்விடும், புதிது வரும். ரத்தக்குழாயிலும் தோலிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் பல வருடம் இருக்கும். அதில் ஒட்டினது ஒட்டினதுதான், விறைத்துப்போகும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம் நடந்தாலே ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது குறையும்.

அடுத்தது தசை. கைப்பிடி வலு குறையக் குறைய மரண ஆபத்து கூடுகிறது என்று இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. இப்போதே ஒரு சாதாரண நாற்காலியில் உட்காருங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து உட்காருங்கள். பத்து தடவை முடிகிறதா? முடியவில்லையென்றால், அந்தப் படபடப்பு என்னவென்று தெரிந்த பிறகு, முடிகிற அளவிலிருந்து வாரம் மூன்று நாள் இதையே பயிற்சியாகச் செய்யுங்கள். தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து முட்டையோ சுண்டலோ சேருங்கள். மெட்ஃபார்மின் நாள்பட எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும். படபடப்பு அடங்கினால் அதுவும் சரியாகும் என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் என்னிடம் வந்தார். வேறு மருந்து ஏதும் உண்டா என்று இரண்டு தடவை கேட்டேன், இல்லவே இல்லை என்றார். கிளம்பும்போது மஞ்சள் பையிலிருந்து ஐந்து டப்பாக்களை எடுத்து மேஜையில் வைத்து, “இதெல்லாம் மருந்தில்லீங்க, சத்துதானே?” என்றார். நீங்களும் உங்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தக் கேப்சூல் டப்பாவை மறக்காமல் எடுத்துப் போங்கள்.