இரைப்பைப் புண்ணும் பாரி மார்ஷலின் ஆய்வும்: கேள்வி பதில்

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் செய்த, இரைப்பைப் புண்ணுக்கு (அல்சருக்கு) ஒரு கிருமி காரணம் என்று காட்டிய ஆய்வு, 2005ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்றது. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: மார்ஷல் கிருமியைக் குடித்துக் காட்டித்தான் அல்சருக்குக் கிருமியே காரணம் என்று நிரூபித்தாராமே?

பதில்: குடித்தது உண்மை, ஆனால், நிரூபணம் அதுவன்று. 1984இல் அவர் கிருமி வளர்ந்த கரைசலைக் குடித்தார். சில நாள்களில் வாந்தியும் வாய்நாற்றமும் தோன்றின. பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பி செய்தபோது இரைப்பையில் அழற்சி காணப்பட்டது. புண் உண்டாகவில்லை. ஆரோக்கியமான இரைப்பையில் இக்கிருமி அழற்சியை உண்டாக்கும் என்பதற்கு மேல் அந்தச் சோதனை எதையும் காட்டவில்லை.

என் கணிப்பில் வலுவான சான்று, 1988இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட மருத்துவச் சோதனையே. முன்சிறுகுடற்புண் (இரைப்பையை அடுத்துள்ள சிறுகுடல் தொடக்கத்தில் வரும் புண்) உள்ள நூறு நோயாளிகளுக்கு வெவ்வேறு மருந்துச் சேர்க்கைகளைக் கொடுத்து, நோயாளிக்கும் மருத்துவருக்கும் யாருக்கு எது என்று தெரியாதவாறு அதை நடத்தினார்கள். ஆறிய புண் ஓராண்டுக்குள் திரும்பியது, கிருமி நீங்கியவர்களில் 21 விழுக்காட்டினருக்கு. கிருமி நீங்காதவர்களில் 84 விழுக்காட்டினருக்கு. சிமெடிடின் போன்ற அமிலக் குறைப்பு மருந்துகளால் புண் ஆறுவதும், மருந்தை நிறுத்தியதும் மீண்டும் வருவதும் அக்காலத்தில் வாடிக்கையாக இருந்ததால், 'திரும்பி வரவில்லை' என்பதே பெரிய செய்தியாயிற்று. ஆனாலும் செய்தித்தாள்களுக்குக் குடித்த கதைதான் பிடித்திருக்கிறது.

கேள்வி: அதற்கு முன் எவருமே அக்கிருமியைப் பார்க்கவில்லையா?

பதில்: பார்த்தார்கள், பொருட்படுத்தவில்லை. அமிலம் நிறைந்த இரைப்பையில் எதுவும் வாழாது என்பது அன்றைய பாடம். கிரேக்க மருத்துவர் லிகூடிஸ் 1950களின் இறுதியிலேயே அல்சருக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தார். பாராட்டுக்குப் பதில் அபராதமே கிடைத்தது. நோய்க்குறியியல் வல்லுநரான வாரன் 1979இல், அழற்சியுற்ற இரைப்பைத் திசுவில் வளைந்த நுண்ணுயிரிகளைக் கண்டு, அவற்றை விடாமல் தொடர்ந்தார். 1981இல் பயிற்சி மருத்துவரான மார்ஷல் அவருடன் சேர்ந்தார். நூறு நோயாளிகளிடம் திசு எடுத்துப் பார்த்ததில், முன்சிறுகுடற்புண் இருந்த 13 பேரிடமும் கிருமி இருந்தது. இரைப்பைப் புண் இருந்த 22 பேரில் 18 பேரிடம் இருந்தது. ஆய்வகத்தில் வளர்ப்பதுதான் கடினமாக இருந்தது: இரண்டு நாள்களில் எதுவும் தெரியாத தட்டுகளை எறிந்துவிடுவது வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு கூடுதல் நாள்கள் அப்படியே இருந்ததால், மெதுவாக வளரும் அக்கிருமி கண்ணுக்குப் புலப்பட்டது. இன்று அதற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்று பெயர்.

கேள்வி: அமிலத்தில் அது எப்படிப் பிழைக்கிறது?

பதில்: யூரியேஸ் என்னும் நொதியை அது ஏராளமாகச் சுரக்கிறது. அந்த நொதி இரைப்பையில் உள்ள யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்க, அம்மோனியா கிருமியைச் சுற்றியுள்ள அமிலத்தை மட்டுப்படுத்துகிறது. அதற்குள் கிருமி தன் வால் போன்ற கசையிழைகளால் நீந்தி, அமிலம் குறைவாக உள்ள சளிப்படலத்துக்குள் புகுந்துவிடுகிறது. கிருமியின் இந்தத் தந்திரமே அதைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது: அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, வெளிவிடும் மூச்சில் அந்தக் கார்பன் வருகிறதா என்று பார்ப்பதே மூச்சுப் பரிசோதனை.

கேள்வி: காரமும் கவலையும் காரணமில்லையா?

பதில்: இருக்கும் எரிச்சலைக் காரம் கூட்டலாம், புண்ணுக்கு மூலகாரணம் என்று சொல்ல இயலாது. கவனிக்க வேண்டிய இரண்டாவது காரணம் வேறு: மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் நாமே வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள்.

கேள்வி: நம் நாட்டில் பலருக்கும் இக்கிருமி உண்டு என்கிறார்கள். எல்லோரும் மருந்து சாப்பிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை என்பதே என் கருத்து. உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் காணப்பட்ட இக்கிருமி, பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றுகிறது; தொற்றியவர்களில் பத்தில் ஒருவருக்கு அல்லது சற்று அதிகமானோருக்கே புண் வருகிறது. 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை உறுதியான புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது. ஆயினும், தொற்று மிகுந்த இந்தியாவில் இரைப்பைப் புற்றுநோய் அதற்கேற்ற அளவில் இல்லாதது ஆய்வாளர்களுக்கு இன்றும் புதிராகவே உள்ளது. தேவையின்றி ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகள் பெருகும். புண் உள்ளவர்களும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தாருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களும் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

கேள்வி: கிருமியை அழிக்கும் பதினான்கு நாள் மருந்தை முடித்துவிட்டேன். கிருமி போய்விட்டதா என்று எப்படி அறிவது?

பதில்: வலி நின்றதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம். ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது நான்கு வாரங்கள் கழித்து, மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்துகொள்ளுங்கள். பரிசோதனைக்கு முந்தைய இரு வாரங்கள் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகை அமிலக் குறைப்பு மாத்திரைகளை மருத்துவரைக் கேட்டு நிறுத்திவையுங்கள். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லையென முடிவு வரக்கூடும். இரத்தப் பரிசோதனை இதற்குப் பயன்படாது. கிருமி அழிந்து பல மாதங்கள் சென்ற பின்னும் அதை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்துகொண்டிருக்கும்.