லூசீன் தேடல் சிக்கல்கள்: கேள்வி பதில்

லூசீன் என்பது ஆவணங்களை இன்டெக்ஸ் செய்து (தேடலுக்கான அட்டவணையாகப் பதிந்து) தேட உதவும் ஜாவா நிரல் தொகுதி.

கேள்வி: பொருள் எண் "ஏபி-102" உள்ள ஆவணத்தை, இன்டெக்ஸைத் திறந்து பார்க்கும் லூக் கருவியில் திறந்தால் தெரிகிறது. அதே எண்ணை டெர்ம்குவெரியில் கொடுத்தால் ஒன்றும் வருவதில்லை. ஃபீல்டு வகை டெக்ஸ்ட்ஃபீல்டு, உரையை வெட்டும் அனலைசர் ஸ்டாண்டர்ட்அனலைசர்.

பதில்: லூக்கில் நீங்கள் பார்த்தது சேமித்து வைத்த மூல உரை. தேடல் அதைத் தொடுவதே இல்லை, அனலைசர் வெட்டிப்போட்ட டெர்ம்களோடுதான் (சொல் துண்டுகளோடுதான்) ஒப்பிடும். ஸ்டாண்டர்ட்அனலைசர் அந்த ஹைஃபனில் உடைத்து இரண்டு டெர்ம்களாக வைத்திருக்கும். டெர்ம்குவெரியோ எந்த அனலைசர் வழியாகவும் போகாது, கொடுத்ததை அப்படியே தேடும். முழு எண் ஒரே டெர்மாக இன்டெக்ஸில் இல்லை, அதனால் கிடைக்காது. பொருள் எண், மின்னஞ்சல் போன்றவற்றை, வெட்டாமல் முழுதாகப் பதியும் ஸ்ட்ரிங்ஃபீல்டில் வையுங்கள். பயனர் தட்டியதைத் தேடலாக மாற்றும் குவெரிபார்சர் வழியாகத் தேட வேண்டுமென்றால், ஃபீல்டுக்கு ஃபீல்டு வேறு அனலைசர் தரும் பெர்ஃபீல்டுஅனலைசர்ராப்பரில் அந்த ஃபீல்டுக்கு மட்டும், உரையை வெட்டாத கீவேர்டுஅனலைசர் கொடுங்கள். எந்த மாற்றத்துக்கும் முன்னால் லூக்கில் அந்த ஃபீல்டின் டெர்ம் பட்டியலைப் பாருங்கள். "தேடினால் வரவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை அங்கேயே தீர்ந்துவிடும்.

கேள்வி: தமிழ்ச் செய்திகளை இன்டெக்ஸ் செய்கிறோம். "கொடி" என்று தேடினால் சில ஆவணங்கள் வருகின்றன, சில விடுபடுகின்றன. திரையில் எழுத்து ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

பதில்: "கொ"வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, பைட்டில் வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய உரையில் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு நீக்கிகளும் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். யூனிகோடு வேலைகளுக்கான ஐசியு தொகுதியில் உள்ள ஐசியுநார்மலைசர்2 கேரக்டர் ஃபில்டரை, உரையைச் சொற்களாகப் பிரிக்கும் டோக்கனைசருக்கு முன்னால் வையுங்கள். அதன் இயல்பான என்எஃப்கேசி கேஸ்ஃபோல்டு முறை இரட்டைக் குறிகளை ஒன்றாக்கும், கண்ணுக்குத் தெரியாத குறிகளை நீக்கும்.

கேள்வி: அதைச் செய்த பிறகும் "கௌரவம்" பாதிதான் கிடைக்கிறது.

பதில்: கிடைக்காத பாதியில் கொம்பு போட்டு அடுத்து "ள" எழுத்தைத் தட்டியிருப்பார்கள். அந்த "ள" தனி எழுத்து என்பதால் நார்மலைசர் அதைச் சேர்க்காது. கண்ணை மூடிக்கொண்டு "ெள" எல்லாவற்றையும் "ௌ" ஆக்கிவிடாதீர்கள். "தெளிவு", "வெள்ளம்" எல்லாம் சிதைந்துபோகும். "ள"வுக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ வராத இடத்தில் மட்டும் மாற்றும்படி, எதிர்மறை முன்நோக்கு வைத்த ரெகுலர் எக்ஸ்பிரஷனை பேட்டர்ன்ரீப்ளேஸ் கேரக்டர் ஃபில்டரில் எழுதுங்கள். "ஒளவை"யை "ஔவை" ஆக்கவும் இதே விதி போதும், "ஒளி" தப்பித்துக்கொள்ளும். இது நார்மலைசருக்கு அடுத்துதான் வர வேண்டும். மிஞ்சும் விலக்குகளைப் பிடிக்க, மாறப்போகும் சொற்களை டெர்ம் பட்டியலிலிருந்து எடுத்து ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

லூசீனிலேயே தமிழ்அனலைசர் இருக்கிறது. விகுதிகளை வெட்டிச் சொல்லின் அடியைத் தரும் அதன் ஸ்னோபால் ஸ்டெம்மர் சில சொற்களை அதிகமாக வெட்டும். அதனால் கஸ்டம்அனலைசரில் நீங்களே சங்கிலி கட்டுவது நல்லது: மேலே சொன்ன இரண்டு கேரக்டர் ஃபில்டர்கள், ஸ்டாண்டர்ட் டோக்கனைசர், ஒவ்வொரு சொல்லையும் இரண்டாக்கும் கீவேர்டுரிபீட், ஸ்னோபால், கடைசியில் ஒரே மாதிரி வந்த இரண்டில் ஒன்றை நீக்கும் ரிமூவ்டூப்ளிகேட்ஸ். முழுச் சொல்லும் வெட்டிய சொல்லும் ஒரே இடத்தில் பதிவாகும். இன்டெக்ஸுக்கும் தேடலுக்கும் ஒரே சங்கிலி இருக்க வேண்டும். சங்கிலி மாறினால் பழைய ஆவணங்கள் அனைத்தையும் மறுபடி இன்டெக்ஸ் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: கமிட் செய்த (டிஸ்க்கில் உறுதியாகப் பதிந்த) புதிய ஆவணம் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால்தான் தெரிகிறது.

பதில்: இன்டெக்ஸைப் படிக்கும் ரீடர், அதைத் திறந்த நொடியின் நிலையைத்தான் காட்டும். சர்ச்சர்மேனேஜரை, இன்டெக்ஸில் எழுதும் இன்டெக்ஸ்ரைட்டரிலிருந்து உருவாக்கி, குறித்த இடைவெளியில் மேபிரிஃப்ரெஷ் அழையுங்கள். இதற்கு ஒவ்வொரு முறையும் கமிட் தேவையில்லை. அதிலிருந்து அக்வயர் செய்த (வாங்கிய) சர்ச்சரை ஃபைனலி பகுதியில் ரிலீஸ் செய்யுங்கள். மறந்தால் பழைய செக்மென்ட் (இன்டெக்ஸின் ஒரு பகுதி) ஃபைல்கள் திறந்தே கிடந்து டிஸ்க்கை நிரப்பும்.

கேள்வி: லாக் கிடைக்கவில்லை என்ற எக்செப்ஷன் வருகிறது. ரைட் லாக் ஃபைலை அழித்துவிடலாமா?

பதில்: கூடாது. இயல்பான லாக் முறையில் பூட்டு ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் இருக்கிறது. ப்ராசஸ் செத்தால் பூட்டும் போய்விடும், ஃபைல் மட்டும் மிஞ்சினால் அது தடையாகாது. எரர் வருகிறதென்றால் இன்னொரு ரைட்டர் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஃபைலை அழித்தால் இரண்டு ரைட்டர்கள் ஒரே இன்டெக்ஸில் எழுதி அதைக் கெடுத்துவிடலாம். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புது ரைட்டர் திறக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரே ரைட்டரை எல்லா த்ரெட்டுகளும் தயங்காமல் பகிரலாம்.

கேள்வி: "*கோவில்" என்று தேடினால் பார்சர் மறுக்கிறது.

பதில்: டெர்ம் அகராதி முதல் எழுத்திலிருந்து வரிசைப்பட்டது. முன்னால் நட்சத்திரம் போட்டால் அகராதி முழுவதையும் துழாவ வேண்டும், அதனால்தான் இயல்பாக அனுமதி இல்லை. அனுமதியைத் திறந்துவிடுவதைவிட, ரிவர்ஸ்ஸ்ட்ரிங் ஃபில்டர் போட்ட இரண்டாவது ஃபீல்டு வைத்து, தேடல் சொல்லையும் திருப்பி, சொல்லின் தொடக்கத்தை வைத்துத் தேடும் ப்ரிஃபிக்ஸ்குவெரி கொடுங்கள். திருப்பிய தமிழ் பார்க்கக் கோணலாக இருக்கும். ஆனால் அது ஒப்பிட மட்டும்தான்.

கேள்வி: இரண்டு வரிக் குறிப்புகள் நீண்ட கட்டுரைகளை முந்திக்கொண்டு மேலே வருகின்றன.

பதில்: லூசீன் 6 முதல் இயல்பான மதிப்பீட்டு முறை பிஎம்25. அதன் இயல்பான அளவுகள்: சொல் திரும்ப வருவதன் எடைக்கான கே1 1.2, ஆவண நீளத்துக்கான பி 0.75. நீளத்துக்கான தண்டனை "பி"யில் இருக்கிறது. அதை 0.3 அளவுக்கு இறக்கி, மதிப்பெண் எப்படி வந்தது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் வெளியீட்டில் இரண்டு ஆவணங்களை ஒப்பிடுங்கள். இந்த இரண்டு எண்களையும் மறு இன்டெக்ஸ் இல்லாமலே மாற்றலாம்.

கேள்வி: லூசீன் 7இல் உருவாக்கிய இன்டெக்ஸை 8க்கு அப்கிரேட் செய்து, பிறகு 9இல் திறக்க முடியுமா?

பதில்: முடியாது. எந்தப் பெரிய பதிப்பில் முதலில் உருவானது என்பது இன்டெக்ஸிலேயே பதிந்திருக்கிறது, இடையில் செக்மென்ட்களை மெர்ஜ் செய்தாலும் (ஒன்றாக்கினாலும்) அது மாறாது. 9 திறப்பது 8இலும் 9இலும் உருவானவற்றை மட்டுமே. மூலத் தரவிலிருந்து புதிதாகக் கட்டுங்கள்.