அபே ரோடுக்கு அடுத்த ஆல்பம்: டெமோக்களை வைத்தே தொகுப்பது எப்படி?

கேள்வி: பீட்டில்ஸ் இசைக்குழு பிரியாமல் இருந்திருந்தால் அவர்களுடைய 1969 ஆல்பமான 'அபே ரோடு'க்கு அடுத்து என்ன ஆல்பம் வந்திருக்கும் என்று டெமோக்களை (பாட்டின் முதல்கட்டச் சோதனைப் பதிவுகளை) வைத்தே தொகுத்துப் பார்க்கிறேன். எந்தப் பாட்டுகளை எடுப்பது? ஒலித்தரம் பாட்டுக்குப் பாட்டு மாறுகிறதே, என்ன செய்வது?

பதில்: முதலில் ஒரு தேதியை எல்லையாக வையுங்கள். குழுவிலிருந்து தான் விலகுவதாக ஜான் லெனன் மற்றவர்களிடம் சொன்னது 1969 செப்டம்பர் 20. அதற்கு முன் டேப்பில் ஏறியவை மட்டும் போதும். இல்லாவிட்டால் 1970, 71இல் உறுப்பினர்கள் தனித்தனியாக வெளியிட்ட ஆல்பங்களிலிருந்து பாட்டுகளைப் பிடுங்கத் தோன்றும். அப்புறம் அது பீட்டில்ஸ் ஆல்பமாக இருக்காது.

யாருக்கு எத்தனை என்பதற்கு ஜானே ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார். அதே செப்டம்பரில் பதிவான ஒரு பேச்சில், அடுத்த ஆல்பத்தில் தனக்கும் பால் மெக்கார்ட்னிக்கும் ஜார்ஜ் ஹாரிசனுக்கும் தலா 4 பாட்டு, டிரம்மர் ரிங்கோ ஸ்டார் விரும்பினால் 2 என்கிறார். வழக்கமாக ஒன்றிரண்டோடு நிறுத்தப்பட்ட ஜார்ஜுக்கு இது பெரிய மாற்றம். ஆனால் டெமோ மட்டும் என்றால் ஆளுக்கு 4 தேற்றுவது எளிதல்ல. தலா 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிங்கோ டிரம்ஸோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

ஜார்ஜுக்கு 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' (1969 பிப்ரவரி 25, அவருடைய 26ஆவது பிறந்தநாளில் தனியாகப் பாடிய டெமோ), 100 டேக் (பதிவு முயற்சி) தாண்டியும் 1968இன் வெள்ளை ஆல்பத்தில் இடம் கிடைக்காத 'நாட் கில்டி', 'சர்க்கிள்ஸ்'. பாலுக்கு 'ஜங்க்', 'டெடி பாய்', 'கம் அண்ட் கெட் இட்'. கடைசிப் பாட்டு பேட்ஃபிங்கர் என்ற இன்னொரு குழுவுக்குப் போனதுதான். ஆனால் அவர்கள் பதிவு வெளியானது 1969 டிசம்பரில், நம் எல்லைக்குப் பிறகு, ஆகவே செல்லும். ஜார்ஜ் எழுதி, ஜாக்கி லோமக்ஸ் என்ற பாடகர் 1968லேயே வெளியிட்டுவிட்ட 'சவர் மில்க் சீ' செல்லாது. ஜானுக்கு 'சைல்ட் ஆஃப் நேச்சர்' (பின்னாளில் 'ஜெலஸ் கை' ஆன மெட்டு), 1969 ஜனவரி ஒத்திகையில் கிடைக்கும் 'கிம்மி சம் ட்ரூத்' துண்டு, வேறு வழியில்லாமல் 'வாட்ஸ் த நியூ மேரி ஜேன்'. அதைக் கேட்டுப் பல்லைக் கடித்தால் நான் பொறுப்பல்ல.

இனி ஒலி. 'ஜங்க்', 'சர்க்கிள்ஸ்', 'சைல்ட் ஆஃப் நேச்சர்', 'மேரி ஜேன்' நான்குமே 1968 மே மாதம் இங்கிலாந்தின் ஈஷர் ஊரில் ஜார்ஜ் வீட்டில் பதிவானவை. 2018இல் வந்த வெள்ளை ஆல்பத்தின் சிறப்புத் தொகுப்புப் பெட்டியில் சுத்தமாகக் கிடைக்கின்றன. இவற்றை ஸ்டூடியோப் பதிவுகளோடு கலக்காமல் இரண்டாம் பக்கமாக ஒன்றாக வையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் லவுட்னஸ் நார்மலைசேஷன் (ஒலியளவைச் சமப்படுத்துவது) கொடுத்து எல்லாவற்றையும் -18 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் ஒலியளவின் அலகு) கொண்டுவாருங்கள். பிறகு வெறும் கிட்டாரும் குரலும் உள்ளவற்றை மட்டும் 1 அல்லது 2 டெசிபெல் இறக்குங்கள். எண் சமமாக இருந்தாலும் காதுக்கு அவை முன்னால் வந்து நிற்கும். டேப் இரைச்சலை வழித்தெடுக்காதீர்கள், கிட்டார் கம்பியின் மினுக்கமும் சேர்ந்து போய்விடும். பாட்டுகளுக்கு இடையே முழு நிசப்தமும் வேண்டாம். பாட்டு தொடங்கும் முன் உள்ள இரைச்சலில் ஒரு துளி வெட்டி அந்த இடைவெளியில் ஒட்டினால் ஒரே டேப் ஓடுவது போலிருக்கும்.

மொத்தம் அரை மணி நேரத்தைத் தொடாது. பரவாயில்லை, இழுத்து நீட்ட வேண்டாம். 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பாட்டைக் கடைசியில் வைக்க எல்லோருக்கும் கை போகும். முதல் பக்கத்தை அதில் முடித்துவிட்டு, ஆல்பத்தை 'ஜங்க்'கில் முடியுங்கள்.