பேய்ப்படமும் ஏழு வயதும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். போன மாதம் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு பேய்ப்படத்துக்குப் போனோம். நகைச்சுவைப் படம் என்றுதான் சொன்னார்கள். போஸ்டரில் 'யுஏ 13+' என்று இருந்தது. என் மகளுக்கு 7 வயது. டிக்கெட் கிழித்தவர் ஒன்றும் கேட்கவில்லை, அதனால் பரவாயில்லை என்று நினைத்துவிட்டேன். இடைவேளைக்கு முன்பே "வீட்டுக்குப் போலாம்மா" என்றாள். ஆறு பேர் போயிருந்தோம், பாதியில் எப்படி எழுந்து வருவது? மடியில் உட்காரவைத்து முழுப் படத்தையும் பார்த்தோம். மூன்று வாரமாக இரவில் தனியாக பாத்ரூம் போக மறுக்கிறாள். கண்ணாடி இருக்கிற அறையில் தூங்கமாட்டேன் என்கிறாள். "அதெல்லாம் வெறும் மேக்கப்" என்று சொன்னால் தலையாட்டுகிறாள், ஆனால் பயம் போகவில்லை. என் கணவர், "நாங்க பார்க்காத பேய்ப்படமா, தானா சரியாயிடும்" என்கிறார். நான் செய்தது தப்பா? இனி இப்படிப்பட்ட படமே காட்டக்கூடாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, திண்டுக்கல்)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "வீட்டுக்குப் போலாம்மா" என்ற வரியில் இரண்டு முறையும் நின்றுவிட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் மகள். "மேக்கப்" என்று சொன்னால் தலையாட்டுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் உங்களை நம்பாமல் இல்லை. நீங்கள் சொல்வது அவளுக்குப் புரிகிறது, ஆனால் அந்தப் புரிதல் பயம் இருக்கிற இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜோன் கேன்டர் என்ற பேராசிரியர், படம் பார்த்துப் பயப்படும் குழந்தைகளைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1980களில் அவரும் அவருடைய சக ஆய்வாளரும் ஒரு சோதனை செய்தார்கள். சூனியக்காரி வரும் காட்சியைக் காட்டுவதற்கு முன்னால் சில பிள்ளைகளிடம், "இது நிஜமில்லை, மனசில் வைத்துக்கொள்" என்று சொன்னார்கள். 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பயம் குறைந்தது. 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் அந்தப் பேச்சு எடுபடவில்லை. உங்கள் மகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறாள். பகலில் பெரிய பிள்ளை, விளக்கை அணைத்ததும் சின்னக் குழந்தை.

சின்னக் குழந்தைகளுக்கு உதவுவது பேச்சு இல்லை. பக்கத்தில் ஓர் ஆள், கையில் பிடித்துக்கொள்ள ஒரு பொருள், உடம்பில் படும் ஒரு தொடுகை, இவைதான். இதைப் படித்தபோது எனக்கு என் அப்பத்தா ஞாபகம் வந்தது. நான் பயந்து அலறி எழுந்த இரவுகளில் "பேயெல்லாம் கிடையாது" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "பிள்ளை பயந்திருக்கு" என்பார், நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், தலைமாட்டில் வேப்பிலைக் கொத்தை வைப்பார், என் மேல் கையைப் போட்டுக்கொண்டு படுப்பார். எங்கள் தெருவில் மதம் பார்க்காமல் பள்ளிவாசலுக்குத் தூக்கிப்போய் ஓதி ஊதிக்கொண்டு வந்த அம்மாக்களும் உண்டு. வேப்பிலைக்குப் பேயை விரட்டும் சக்தி இருக்கிறதா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பயந்த பிள்ளையின் பயத்தை ஒரு பெரியவர் நிஜம் என்று ஏற்றுக்கொண்டார், அதற்காக ஒரு காரியம் செய்தார், தொட்டுக்கொண்டே தூங்கினார். எனக்குத் தூக்கம் வந்தது அதனால்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஆகவே சில நாள் பாத்ரூமுக்கு நீங்களும் கூடப் போங்கள். கண்ணாடிக்கு ஒரு துணியைப் போட்டு மூடலாம், அதை அவள் கையாலேயே போடச் சொல்லுங்கள். சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். "இவ்வளவு பெரிய பிள்ளை பயப்படலாமா" என்று யாரும் கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், முக்கியமாக உறவினர்கள் வந்திருக்கும்போது. இன்னும் சில வாரங்கள் ஆகியும் குறையவில்லை, தூக்கமும் சாப்பாடும் கெடுகிறது என்றால் குழந்தை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அடுத்து போஸ்டரில் இருந்த அந்த எழுத்து. நம் நாட்டில் 1983 முதல், எல்லோரும் பார்க்கக்கூடிய யு, பெரியவர்களுக்கு மட்டுமான ஏ இரண்டுக்கும் நடுவில் யுஏ இருக்கிறது. 12 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பதுதான் முன்பு அதன் பொருளாக இருந்தது. 4 வயதுக்கும் 11 வயதுக்கும் ஒரே எழுத்தா என்று பல வருடமாகக் கேட்டுவந்தார்கள். 2023இல் திரைப்படச் சட்டத்தைத் திருத்தி யுஏவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் பலர் கவனிக்காத ஒன்று அதே சட்டத்தில் இருக்கிறது. இந்த வயதுக் குறி பெற்றோர் யோசித்து முடிவெடுப்பதற்கு மட்டும். பெற்றோரையோ பாதுகாவலரையோ தவிர வேறு யாரும் அதை நடைமுறைப்படுத்த முடியாது. ஏ படத்துக்கு 18 வயது ஆகாதவர்களை உள்ளே விடக் கூடாது, அங்கே தடுக்க வேண்டியது தியேட்டரின் கடமை. யுஏ 13+க்கு 7 வயதுக் குழந்தையோடு போனால் டிக்கெட் கிழிப்பவர் தடுக்கமாட்டார், தடுக்க அவருக்கு வழியும் இல்லை. அவர் பேசாமல் இருந்ததை நீங்கள் அனுமதி என்று எடுத்துக்கொண்டீர்கள். அந்த வாசலில் கேட்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

இதை உங்களைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறோம். தமிழ்நாட்டில் இதற்குக் கூடுதலாக ஒரு காரணமும் உண்டு. ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் சில வருடங்கள், கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால் தமிழ்ப் பெயரோடு யு சான்றிதழும் வேண்டும் என்ற விதி இருந்தது. அதற்காகக் காட்சிகளை வெட்டிக்கொடுத்து யு வாங்கினார்கள். ஏ வாங்கிய படத்தை டிவியில் போட முடியாது என்பதால் அங்கேயும் வெட்டு. இப்படிக் காசுக்கணக்கிலேயே அந்த எழுத்து அடிபட்டு அடிபட்டு, அது நம் பிள்ளைக்காகப் போடப்படுவது என்ற நினைப்பே நமக்கு மங்கிவிட்டது.

உங்கள் கணவர் சொல்வதையும் பார்ப்போம். நாமெல்லாம் பேய்ப்படம் பார்த்து வளர்ந்தது உண்மைதான். ஆனால் எங்கே பார்த்தோம்? நான் பார்த்தது டூரிங் டாக்கீஸில், மணலைக் குவித்து உட்கார்ந்துகொண்டு. பக்கத்தில் முறுக்கு விற்பவர், ரீல் மாற்றும்போதெல்லாம் எரியும் விளக்கு, இடையில் அழும் ஏதோ ஒரு குழந்தை. பேய் திரையில் மட்டும்தான் இருந்தது. இன்றைக்கு ஏசி தியேட்டரில் முதுகுக்குப் பின்னாலிருந்து கதவு கிறீச்சிடுகிறது. இன்னொன்று: 1951இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த மர்மயோகிக்கு, பேய் உலாவும் காட்சிகளுக்காகவே ஏ சான்றிதழ் கொடுத்தார்கள். தமிழில் முதன்முதலாக ஏ வாங்கிய படம் அதுதான். அந்தக் காலத்துப் பெரியவர்களும் பிள்ளைகளின் பயத்தைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

"தானா சரியாயிடும்" என்பதும் எல்லோருக்கும் நடப்பதில்லை. நான் மேலே சொன்ன கேன்டர், 1999இல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம் கேட்டார். சின்ன வயதில் ஏதாவது ஒரு படமோ நிகழ்ச்சியோ மனதில் நின்று பயமுறுத்தியது என்று 100க்குச் சுமார் 90 பேர் சொன்னார்கள். அதன் மிச்சம் இன்னும் இருக்கிறது என்று சொன்னவர்கள் கால்வாசிப் பேர்.

இப்போது நான் நின்றுபோன அந்த வரி. என் மகனுக்கு அப்போது 6 வயது. உறவுக்காரப் பிள்ளைகள் எல்லாம் பெரியவர்கள், அவர்களுக்குப் பிடித்த படத்துக்கு இவனையும் அழைத்துப் போனேன். அவனும் "வெளியே போலாம்மா" என்றான். "கண்ணை மூடிக்கோ, இப்ப முடிஞ்சிரும்" என்றேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். காதை எப்படி மூடுவான்? படத்தில் பாதி பயம் சத்தத்தில்தான் இருக்கிறது. அது மட்டும் இல்லாமல், இருட்டில் அவன் மனம் வரைந்த படம் திரையில் ஓடியதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். வருடங்கள் கழித்து அவனே சொன்னான், "பேயைவிட நீ எந்திரிக்காததுதான்மா ஞாபகம் இருக்கு" என்று. அந்த ஒரு டிக்கெட்டின் விலையை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன்.

இனி காட்டக்கூடாதா என்று கேட்கிறீர்கள். காட்டலாம் தங்கச்சி. பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பயப்படுவது பிடிக்கும். கண்ணாமூச்சியும் பூச்சாண்டியும் அதனால்தான் இத்தனை தலைமுறையாக இருக்கின்றன. என் அப்பத்தா சொன்ன புளியமரத்துப் பேய்க் கதைகளை நானே கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஆனால் அப்பத்தா கதை சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உதடு கோணினால் பேய்க்குக் கால் சுளுக்கிவிடும், கதை திசை மாறிவிடும். சினிமா பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. பெற்றோர் வழிகாட்டுதல் என்று சான்றிதழில் எழுதுகிறார்களே, எனக்குத் தெரிந்து அதன் அர்த்தம் இதுதான்: நீங்கள் திரையைவிட அவள் முகத்தை அதிகம் பார்க்க வேண்டும்.

அதற்குத் தியேட்டரைவிட வீடு சுலபம். நீங்கள் முதலில் தனியாகப் பார்த்துவிடுங்கள். பகலில், ஜன்னலைத் திறந்து வைத்து, சத்தத்தைக் குறைத்து, ரிமோட்டை அவள் கையிலேயே கொடுங்கள். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று தெரிந்தாலே பாதி பயம் இறங்கிவிடும். ஓடிடி தளங்களில் யுஏ 13+ முதல் மேலே உள்ள எல்லாவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி இருக்க வேண்டும் என்று 2021இலேயே விதி வந்துவிட்டது, அதை இன்றைக்கே போட்டுவையுங்கள். தியேட்டருக்குப் போனால் ஓரத்து சீட்டாக எடுங்கள். கிளம்பும்போதே, "பிடிக்கலேன்னா சொல்லு, நாம ரெண்டு பேரும் வெளியே வந்து பாப்கார்ன் சாப்பிடலாம்" என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். மற்ற நாலு பேர் படத்தைப் பார்க்கட்டும்.

வளர வளர வேறொன்றையும் கவனியுங்கள். பத்து வயதில் கோரமுகம் அவளை அவ்வளவாகப் பயமுறுத்தாது. பள்ளிவிட்டு வரும் பிள்ளையை யாரோ கடத்துகிற காட்சி பயமுறுத்தும், அது நடக்கக்கூடியது என்று அவளுக்கு அப்போது தெரிந்திருக்கும்.

உங்கள் கணவரிடம் இன்றைக்கு ஒரு கேள்வி கேளுங்கள். சின்ன வயதில் அவர் பேய்ப்படம் பார்த்துவிட்டு வந்த ராத்திரி, வீட்டில் யார் பக்கத்தில் படுத்தார்? அவர் சொல்லும்போது மகளும் கூட இருக்கட்டும். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா