கடல்கன்னி வால் தைக்கலாம் வாங்க: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வீட்டிலேயே கடல்கன்னி வால் தைத்து அதைப் போட்டு நீந்துவது பற்றி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வால் தைப்பதும் அதில் நீந்தச் சொல்லிக்கொடுப்பதும் நான் ஆசையாகச் செய்கிற வேலை. சில பதில்கள் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, என் மகளுக்கு எட்டு வயது. பிறந்தநாளுக்குள் வால் வேண்டும் என்று ஒரே அடம். தையல் மிஷின் இருக்கு, துணி வாங்கிவிடட்டுமா?

துணியை அப்புறம் வாங்கலாம். அவளுக்கு நீச்சல் எவ்வளவு வரும் என்று முதலில் பாருங்கள். மிதவை எதுவும் இல்லாமல், இரண்டு கால்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு குளத்தின் அகலத்தைக் கடக்கவேண்டும், களைத்துப்போனால் தானாகவே மல்லாந்து மிதக்கத் தெரியவேண்டும். இது வரும்வரை வாலைத் தரையில் உட்காரவைத்து போட்டோ எடுக்க மட்டும் பயன்படுத்துங்கள். வந்துவிட்டது என்றால் அடுத்து மோனோஃபின், அதாவது இரண்டு பாதங்களையும் ஒன்றாக நுழைத்துக்கொள்கிற ஒற்றைத் துடுப்பு. நீந்தவைப்பது அதுதான், துணி வெறும் மேல்தோல். துடுப்பைக் கையில் வாங்கி, பேப்பரில் வைத்துச் சுற்றி வரைந்து, அந்த வடிவத்துக்குத்தான் துணியை வெட்டவேண்டும். பலர் வாலை அழகாகத் தைத்து முடித்துவிட்டு அதற்குள் அடங்குகிற துடுப்பைத் தேடி அலைகிறார்கள்.

மோனோஃபின் விலை எட்டாத உயரத்தில் இருக்கு. அதையும் வீட்டில் செய்ய முடியாதா?

குழந்தைக்கு என்றால் கடையில் வாங்கிவிடுங்கள், மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. பெரியவர்களுக்குச் செய்யலாம். பாதத்தில் மாட்டி நீந்துகிற பழைய ரப்பர் ஃபின் ஒரு ஜோடி, 2 முதல் 3 மி.மீ. கனமுள்ள பாலிகார்பனேட் ஷீட் ஒன்று போதும். அக்ரிலிக் ஷீட்டும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் வளைத்தால் படக்கென்று உடைந்து முனை கத்தியாக நிற்கும், பாலிகார்பனேட் வளைந்துவிட்டுத் திரும்பி வரும். கடைக்காரரிடம் பெயரைக் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். ஷீட்டை வால் வடிவில் வெட்டி, ஓரத்தை எமரி பேப்பரால் மழுங்கத் தேய்த்து, ஒரு பிளாஸ்டிக் டியூபை நீளவாக்கில் கீறி ஓரம் முழுக்கச் சொருகிவிடுங்கள். ஃபின் இரண்டையும் ஷீட்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டும் அகலமான வாஷரும் போட்டு முடுக்கவேண்டும். நீட்டிக்கொண்டிருக்கிற போல்ட் முனையை அறுத்து மூடி போடுங்கள், இல்லையென்றால் முதலில் துணி கிழியும், அப்புறம் பக்கத்தில் நீந்துகிறவரின் கால் கிழியும்.

வீட்டில் பளபளவென்று சாட்டின் துணி நிறைய இருக்கு, சமிக்கியும் இருக்கு. அதில் தைத்தால் என்ன?

மேடை நாடகத்துக்குத் தைக்கலாம், தண்ணீருக்கு வேண்டாம். சாட்டின் இழுபடாது, முழங்கால் மடங்காது. நீச்சலுடைக்குப் போடுகிற, நீளத்திலும் அகலத்திலும் இழுபடுகிற ஸ்பான்டெக்ஸ் கலந்த துணிதான் வேண்டும். நைலானோடு ஸ்பான்டெக்ஸ் கலந்தது மிருதுவாக இருக்கும். செதில் படத்தை நீங்களே பிரின்ட் போடப் போகிறீர்கள் என்றால் வெள்ளை பாலியஸ்டர் ஸ்பான்டெக்ஸ் வாங்குங்கள், ஏனென்றால் சூட்டில் மையைத் துணிக்குள் ஏற்றுகிற சப்ளிமேஷன் பிரின்ட் பாலியஸ்டரில்தான் நன்றாகப் பிடிக்கும். சமிக்கி தோலை உரசும், உதிர்ந்து குளத்து ஃபில்டரில் போய் அடைக்கும்.

அளவு எப்படி எடுப்பது? தைக்கும்போது தையல் விட்டுக்கொண்டே இருக்கு.

கால்களை ஒட்டி நிற்கவைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை சுமார் 10 செ.மீ.க்கு ஒரு சுற்றளவு எடுங்கள். ஒவ்வொன்றிலும் 5 முதல் 10 சதவீதம் குறைத்து, பாதியாக்கி, முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டு துண்டாக வெட்டுங்கள். கணுக்காலில் மட்டும் குறைக்காதீர்கள், அந்த இடம் வழியாகத்தான் பாதம் உள்ளே போய் வெளியே வரவேண்டும். தையல் விடுவதற்குக் காரணம் நேர்த்தையல். துணி இழுபடும், நூல் இழுபடாது, அறுந்துவிடும். ஜிக்ஜாக் அல்லது ஓவர்லாக் போடுங்கள், பாலியஸ்டர் நூல், ஸ்ட்ரெட்ச் ஊசி. சாதாரண ஊசி இந்தத் துணியில் தையல் தாண்டிப் போகும்.

துடுப்பு அடங்குகிற கீழ்ப்பகுதியில், அடி ஓரத்தைத் தைக்காமல் விட்டு வெல்க்ரோ வையுங்கள். துடுப்பை உள்ளே வைப்பதும் எடுப்பதும் அந்த வழியாகத்தான். இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை விட்டால் கரையேறும்போது தண்ணீர் வடிந்துவிடும், விடாவிட்டால் உள்ளே தேங்கிய தண்ணீரையும் சேர்த்துத் தூக்கவேண்டியிருக்கும்.

வால் முனை தொளதொளவென்று இருக்கு. ஸ்பான்ஜ் அடைத்துவிடலாமா?

தயவுசெய்து அடைக்காதீர்கள். காற்று நிறைந்த ஸ்பான்ஜோ தெர்மோகோலோ காலில் இருந்தால் கால் மேலே மிதக்கும், தலை கீழே போகும். தலையைத் தூக்க முயன்றால் கால் இன்னும் எம்பும், நன்றாக நீந்துகிறவர்கள்கூட இதில் மிரண்டுபோவார்கள். டைவிங் உடை தைக்கிற ரப்பர் நுரையான நியோபிரீனும் மிதக்கிற பொருள்தான். முனை எடுப்பாகத் தெரியவேண்டும் என்றால் நியோபிரீனில் மெல்லிய ஒரு அடுக்கு மட்டும் வைத்து, ஆள் பக்கத்தில் நிற்க, நெஞ்சளவு தண்ணீரில் பார்த்துவிட்டு அப்புறம் தையுங்கள்.

இடுப்பில் ஜிப் வைத்தால் வடிவாக இருக்குமே?

வடிவாகத்தான் இருக்கும். ஆனால் மூச்சு முட்டுகிற நேரத்தில் ஜிப் சிக்கிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? இடுப்பில் மிதமான எலாஸ்டிக் மட்டும் போதும். ஜிப், கொக்கி, பெல்ட், முடிச்சு எதுவும் வேண்டாம். இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டு ஒரே தள்ளில் வால் முழங்காலுக்குக் கீழே இறங்கவேண்டும், கால் துடுப்பிலிருந்து உருவி வரவேண்டும். ஃபின்னில் குதிகால் பட்டை இருந்தால் அதையும் இறுக்காதீர்கள். குழந்தைக்கு வால் போட்ட முதல் நாள் நீந்தவே விடாதீர்கள். தரையில் உட்காரவைத்துக் கழற்றச் சொல்லுங்கள், அப்புறம் இடுப்பளவு தண்ணீரில், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு. உதவி இல்லாமல் சட்டென்று கழற்றத் தெரிந்த பிறகுதான் நீச்சல். நான் யாருக்கும் இதில் விட்டுக்கொடுத்ததில்லை.

சிலிக்கோன் வால் நிஜ மீன் மாதிரியே இருக்கு. அதைச் செய்யலாமா அண்ணி?

இரண்டாவது வாலாகச் செய்யுங்கள் தம்பி. பெரியவர் அளவு சிலிக்கோன் வால் பெரும்பாலும் 15 கிலோவைத் தாண்டும். தண்ணீருக்குள் அந்தப் பாரம் தெரியாது, கரையேறும்போது இன்னொருவர் தூக்கிவிடவேண்டும். பிளாட்டினம் வகை சிலிக்கோன் வாங்கினால், கந்தகம் கலந்த களிமண்ணோ லேடக்ஸ் கையுறையோ பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும், அவ்வளவு பொருளும் வீண். சிலிக்கோன் மேல் சிலிக்கோனைத் தவிர எதுவும் ஒட்டாது, அதனால் நிறத்தையும் சிலிக்கோனில் கலந்துதான் பூசவேண்டும். துணி வாலில் பழகிய பிறகு இந்தச் செலவுக்குப் போங்கள்.

நீந்தினால் முழங்கால் வலிக்குது, முன்னாலும் போக மாட்டேங்குது.

முழங்காலிலிருந்து உதைக்கிறீர்கள். அலை நெஞ்சிலிருந்து கிளம்பி இடுப்பு வழியாகக் காலுக்கு இறங்கவேண்டும், முழங்கால் லேசாக மடங்கினால் போதும். கைகளை முன்னால் நீட்டி, வால் இல்லாமல் டால்ஃபின் கிக், அதாவது இரண்டு கால்களையும் ஒட்டி வைத்து அலை மாதிரி உதைப்பது, பழகிவிட்டு வாருங்கள்.

எவ்வளவு நேரம் மூச்சை அடக்கலாம்? முதலில் வேகவேகமாக மூச்சு விட்டால் கூட நேரம் தாங்குது.

அதை இன்றோடு நிறுத்துங்கள். மூச்சு விடவேண்டும் என்ற தவிப்பைக் கிளப்புவது முக்கியமாக உடலில் சேர்கிற கார்பன் டை ஆக்சைடு. வேகவேகமாக மூச்சு விட்டால் அது குறைந்துபோகிறது, ஆக்சிஜன் மட்டும் பெரிதாகக் கூடுவதில்லை. அதனால் தவிப்பு வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து, ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் மயக்கம் வரும், தண்ணீருக்குள். இடுப்பளவுக் குளத்திலும் இப்படி உயிர் போகும். சாதாரணமாக ஒரு மூச்சு, ஒரு சின்ன முங்கல், மேலே வந்து நிதானமாக இளைப்பாறல். கரையில் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற, தூக்கத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருக்கவேண்டும், அவர் போனைப் பார்க்கக்கூடாது.

கடற்கரையில் வால் போட்டு போட்டோ ஷூட் செய்யலாமா? நான் சென்னை.

காய்ந்த மணலில் செய்யுங்கள், அலை தொடாத இடத்தில். மெரினா மாதிரிக் கரையில் இரண்டு கால் தனித்தனியாக இருக்கும்போதே அலை ஆளைச் சாய்க்கிறது, கால் கட்டிக்கிடந்தால் எழுந்து நிற்க முடியாது. குளத்துக்குப் போவதற்கு முன்பும் கேட்டுவிட்டுப் போங்கள். கனடாவின் எட்மன்டன் நகரம் 2015-இல் தன் குளங்களில் இந்த வால்களுக்குத் தடை போட்டது.

இது இப்போது வந்த ஃபேஷன்தானே?

இல்லவே இல்லை. ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை அனெட் கெல்லர்மன் மௌனப்படக் காலத்திலேயே கடல்கன்னியாக நடித்தார், நீந்துவதற்கான உடைகளைத் தானே வடிவமைத்தார். ஃபுளோரிடாவில் வீக்கி வாச்சி என்ற ஊற்றில் 1947-இல் நியூட்டன் பெர்ரி நீருக்கடியில் ஒரு அரங்கம் திறந்தார். வால் போட்ட பெண்கள் குழாயில் காற்றை இழுத்துக்கொண்டு, ஆண்டு முழுக்கச் சுமார் 23 டிகிரியில் இருக்கிற தண்ணீரில் இன்றைக்கும் அங்கே ஆடுகிறார்கள். அந்தக் குளிரில் முகத்தில் சிரிப்பு மாறாமல் ஆடுவது எவ்வளவு கடினம் என்பது வால் போட்டு நீந்தியவர்களுக்குத் தெரியும்.

சில மாதத்திலேயே வால் தொளதொளத்து நிறம் போய்விட்டது, ஏன்?

குளோரின். அது ஸ்பான்டெக்ஸ் இழையைத் தின்றுவிடும். குளத்தை விட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துடுப்பைத் தனியாக எடுத்து, பிழியாமல் நிழலில் காயப்போடுங்கள். கம்ஃபர்ட் மாதிரி எதுவும் வேண்டாம். துடுப்பைச் சுவரில் சாய்த்து வைத்தால் அப்படியே கோணிவிடும், கட்டிலுக்கடியில் படுக்கையாகப் போடுங்கள்.